சிபாப்பா, ஹை ஃப்ளோவா, வென்டிலேட்டரா? நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத் துணை தேர்வது எப்படி

26 வாரத்தில் பிறந்த குழந்தை. இப்போது கர்ப்பக் கணக்கில் 34 வாரம், எடை 1,450 கிராம். சிபாப் (மூக்கு வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் தரும் கருவி) அழுத்தம் 5 செ.மீ. நீர், ஆக்சிஜன் 26%. காலை ரவுண்ட்ஸில் யாராவது கேட்பார்கள்: "இன்னிக்கு ஹை ஃப்ளோவுக்கு மாத்திடலாமா?" ஹை ஃப்ளோ என்றால் சூடாக்கி ஈரமூட்டிய வாயுவை வேகமாக மூக்கில் விடுவது.

கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல, எந்தக் கருவி எவ்வளவு அழுத்தம் தரும் என்று தெரிந்தால் மட்டும் போதாது. இந்த நுரையீரல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். பிறந்த 3ஆம் நாளில் காப்பாற்றிய அதே அளவுகள் 3ஆம் மாதத்தில் கெடுதல் செய்யும். இந்தக் குறிப்பு பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் எழுதப்பட்டது. பெற்றோரும் படிக்கலாம். ஆனால் இங்குள்ள எண்களை வைத்து வீட்டில் ஆக்சிஜனைத் தாங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பெயரும் தரமும்

குறைமாதக் குழந்தையின் இந்த நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு ப்ராங்கோ பல்மனரி டிஸ்பிளேசியா என்று பெயர். அந்த முழுப்பெயரை வார்டில் யாரும் சொல்வதில்லை, பி.பி.டி.தான். 1967-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நார்த்வேயும் உடன் பணியாற்றியவர்களும் முதலில் விவரித்தது, அதிக அழுத்தமும் அதிக ஆக்சிஜனும் பட்டுத் தழும்பேறிய நுரையீரலை. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் வேறு. 24 முதல் 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்குக் காற்றறைகள் இன்னும் உருவாகியே இருக்காது. பிறந்த பிறகு படும் அடியில் அந்த வளர்ச்சி நின்றுபோகிறது. நிறைய சின்ன அறைகள் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் பெரிய அறைகள் மட்டும். ஆகவே புண் ஆறுவதற்காகக் காத்திருக்கிறோம் என்று நினைப்பது சரியல்ல. பாதி கட்டிய வீடு கட்டி முடியக் காத்திருக்கிறோம். அதுவரை தாங்கிப் பிடிக்கும் சாரம்தான் மூச்சுத் துணை.

தரம் பிரிக்க இரண்டு வரையறைகள் புழக்கத்தில் உள்ளன. 2001-இன் வரையறை 28 நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டதா என்று கேட்டு, 36 வாரத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்த்து லேசான, நடுத்தர, கடுமையான என்று பிரிக்கும். 2019-இல் ஜென்சன் குழு தந்த வரையறை ஆக்சிஜன் சதவீதத்தை விட்டுவிட்டு, 36 வாரத்தில் எந்தக் கருவியில் குழந்தை இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. 2 லிட்டருக்கு மேற்படாத மூக்குக் குழாய் என்றால் தரம் 1. அதற்கு மேற்பட்ட ஃப்ளோ, சிபாப், மூக்கு வழி வென்டிலேஷன் எல்லாம் தரம் 2. தொண்டைக்குள் ட்யூப் இருந்தால் தரம் 3.

இதில் ஒரு பொறி உண்டு. 35 வாரம் 6 நாளில் சிபாப்பைக் கழற்றி 2 லிட்டருக்கு மாற்றினால் மறுநாள் காகிதத்தில் தரம் குறைந்துவிடும். நுரையீரல் நேற்று இருந்தபடியேதான் இருக்கும். பதிவேட்டுக்காகக் கருவியை மாற்றாதீர்கள்.

ஒப்பிடுவதற்கு முன் என்ன எழுத வேண்டும்

இரண்டு முறைகளை ஒப்பிட வேண்டுமென்றால் முதல் விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சிபாப்பிலிருந்து ஹை ஃப்ளோவுக்கு மாற்றிய அதே நாளில் மூச்சைத் தூண்டும் மருந்தான காஃபினை நிறுத்தி, பாலை 20 மி.லி. கூட்டி, இங்குபேட்டரிலிருந்து தொட்டிலுக்கும் கொண்டுவந்தால், மூன்றாம் நாள் குழந்தை சோர்ந்துபோகும்போது எதைக் குறை சொல்வது?

மாற்றத்துக்கு முந்தைய 24 மணி நேரமும் பிந்தைய 72 மணி நேரமும் ஒரே தாளில் வர வேண்டும். மூச்சு எண்ணிக்கையைக் குழந்தை தூங்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மானிட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். நெஞ்சு உள்வாங்கலுக்குச் சில்வர்மேன் மதிப்பெண், 10-க்கு எத்தனை என்று. ஆக்சிஜன் சதவீதத்தின் வீச்சு: "26%" என்று ஒற்றை எண்ணாக எழுதாமல் "23 முதல் 30, பால் கொடுக்கும்போது 34" என்று எழுதுங்கள். மூச்சு நின்ற தடவைகள், அதில் எத்தனை தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. கடைசியாக, எடை. நடைமுறையில் அதிகம் மறக்கப்படுவதும் அதிகம் உண்மை பேசுவதும் எடைதான். மூச்சு வாங்கவே சத்தெல்லாம் செலவாகும் குழந்தை சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு) 94 காட்டிக்கொண்டே எடை ஏறாமல் கிடக்கும். முழு மாதத்தை எட்டும்வரை நாளுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும். கருவியைக் குறைத்த வாரத்தில் அது 8-க்கு இறங்கினால், மானிட்டர் என்ன சொன்னாலும் அந்த மாற்றம் தோற்றுவிட்டது.

ஆக்சிஜன் தரும் வரை சாச்சுரேஷன் 90 முதல் 95-க்குள் நிற்கட்டும். 85 முதல் 89 என்ற தாழ்ந்த இலக்கை 2010-இன் சப்போர்ட் ஆய்வும் அதே போன்ற மற்ற சோதனைகளும் பார்த்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது விழித்திரை நோய் குறைந்தது, இறப்பும் குடல் அழுகலும் கூடியிருந்தன. எச்சரிக்கை ஒலியை 89-க்கும் 96-க்கும் வையுங்கள். மேல் எல்லை அலறுகிறது என்பதற்காக அதை 100-க்கு ஏற்றிவிடுவது இரவு ஷிஃப்டின் பழைய பாவம். குழந்தை வெறும் காற்றில் இருந்தால் மட்டும் மேல் எல்லை தேவையில்லை.

பபிள் சிபாப்: எளிய கருவி, எளிதில் ஏமாற்றும் கருவி

சிபாப் செய்வது ஒன்றுதான்: மூச்சை விட்ட பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் கொஞ்சம் விரித்து வைத்திருக்கிறது. பி.பி.டி. குழந்தைக்கு மூச்சுக்குழாய்ச் சுவர்களும் தளர்ந்திருப்பதால், அவை மடங்காமலும் இந்த அழுத்தம் காக்கிறது.

பாகங்களை வரிசையாகச் சொன்னால்: காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டர், ஃப்ளோ மீட்டர், சூடாக்கி ஈரமூட்டும் ஹியூமிடிஃபயர், உள்வரும் குழாய், மூக்கு ப்ராங்ஸ் (மூக்குத் துவாரங்களில் செருகும் இரட்டை முனை), வெளிச்செல்லும் குழாய், தண்ணீர் பாட்டில். வெளிக்குழாயின் முனை நீரில் 5 செ.மீ. மூழ்கியிருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 5. ஃப்ளோ 5 முதல் 8 லிட்டர். குமிழ் இடைவிடாமல் வரும் அளவுக்கு மேல் கூட்ட வேண்டாம். ஃப்ளோ கூடினால் குழாய்களின் தடையும் சேர்ந்து, உண்மையான அழுத்தம் பாட்டில் காட்டுவதைவிட ஏறிவிடும்.

பிளெண்டர் இல்லாத இடங்களில் இரண்டு ஃப்ளோ மீட்டர்களை ஒய் இணைப்பில் கலப்பார்கள். கணக்கு கடினமில்லை. மொத்தம் 6 லிட்டரில் 30% வேண்டும் என்றால் ஆக்சிஜன் 0.7, காற்று 5.3. ஆக்சிஜன் 2, காற்று 4 வைத்தால் 47% போய்விடும். 'கொஞ்சம்தானே வைத்தோம்' என்று தோன்றும் அளவு அது. அழுத்தக் காற்று இல்லாமல் சுவரிலிருந்து நேராக ஆக்சிஜனை மட்டும் விட்டு சிபாப் ஓட்டினால் குழந்தைக்குக் கிடைப்பது 100%. கண்ணும் நுரையீரலும் இரண்டும் அதற்கு விலை கொடுக்கும்.

ப்ராங்ஸ் அளவை எடையைப் பார்த்து எடுத்து, மூக்கைப் பார்த்து உறுதி செய்யுங்கள். துவாரத்தை நிரப்ப வேண்டும், ஆனால் ஓரத்தோல் வெளுக்கக் கூடாது. ப்ராங்ஸின் அடிப்பாலத்துக்கும் மூக்கின் நடுத்தண்டுக்கும் இடையில் 2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். 'கசிகிறது' என்று உள்ளே அழுத்தித் தள்ளுவதால்தான் நடுத்தண்டு புண்ணாகிறது. கசிவுக்கு மருந்து பெரிய அளவு ப்ராங்ஸ், அழுத்தம் அல்ல. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். ப்ராங்ஸும் மாஸ்க்கும் மாறி மாறிப் போட்டால் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. வாய் வழி ஃபீடிங் ட்யூபை மேல்நோக்கித் திறந்து வைத்தால் வயிற்றில் சேரும் காற்று வெளியேறும்.

இனி, குமிழ் நின்றுவிட்டால் என்ன செய்வது. ப்ராங்ஸை மூக்கிலிருந்து எடுத்து, இரண்டு முனையையும் கையுறை விரலால் அடைத்துப் பிடியுங்கள். குமிழ் வந்தால் குழாய்களில் கோளாறு இல்லை. கசிவு மூக்கிலோ திறந்த வாயிலோ இருக்கிறது. ப்ராங்ஸ் அளவைப் பாருங்கள், தாடைப் பட்டி கட்டுங்கள், கழுத்துக்கடியில் சின்னச் சுருள் வையுங்கள். அடைத்தும் குமிழ் வரவில்லை என்றால் ஃப்ளோ மீட்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தொட்டுக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் ஹியூமிடிஃபயர் மூடியிலோ, வெப்பமானி செருகும் துளையின் மூடி காணாமல் போனதிலோ போய் நிற்கும்.

இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. குமிழ் அழகாக வந்துகொண்டிருக்கும், குழந்தை மூச்சுக்குத் திணறும். குமிழ் வருகிறது என்றால் குழாய்ச் சுற்றில் அழுத்தம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது நுரையீரலுக்குப் போகிறது என்று பொருளல்ல. மூக்கில் சளி கட்டியிருந்தாலும், ப்ராங்ஸ் நழுவிக் கன்னத்தில் அழுந்தியிருந்தாலும் பாட்டில் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் குமிழோசை இரு பக்கமும் கேட்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரும் கவனம் கேட்கும். வெளிக்குழாயில் படியும் நீர் பாட்டிலுக்கு வடிந்து மட்டத்தை உயர்த்தும். காலையில் 5 வைத்தது மாலையில் 6.5 ஆகிவிடும். வெளிக்குழாய் தொங்கி வளைந்து அந்த வளைவில் நீர் தேங்கினால் அதுவும் அழுத்தத்தில் சேரும். ஹியூமிடிஃபயர் வாயுவை 37 டிகிரியில் தர வேண்டும். குழாய் முனையின் வெப்பமானி இங்குபேட்டருக்குள் இருந்தால் அது இங்குபேட்டரின் சூட்டை அளந்து 'போதும்' என்று ஹீட்டரை அணைத்துவிடும். குழந்தைக்கு வறண்ட வாயு போகும், சளி பிசினாக இறுகும். வெப்பமானி இங்குபேட்டருக்கு வெளியே இருக்கட்டும். வார்மரின் கீழே என்றால் அதன்மேல் ஒளி தெறிக்கும் மூடி போடுங்கள்.

சிபாப்பை எப்போது எடுப்பது

அழுத்தம் 4 முதல் 6, ஆக்சிஜன் 25%-க்குக் கீழே, அதுவும் ஏறாமல், மூச்சு 60-க்குள், நெஞ்சு பெரிதாக உள்வாங்கவில்லை, மூச்சு நின்றாலும் தானாகவே திரும்புகிறது. இப்படி 12 முதல் 24 மணி நேரம் நின்றால் எடுத்துப் பார்க்கலாம். ஆறு மணி நேரம் போட்டு, இரண்டு மணி நேரம் எடுத்து என்று பழக்கும் முறை பல வார்டுகளில் இன்றும் உண்டு. 30 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2012-இல் வெளிவந்த பல மையச் சோதனை இதைப் பார்த்தது. தகுதி வந்ததும் ஒரேயடியாக எடுத்து, தோற்றால் திரும்பப் போட்ட குழுவுக்குத்தான் சிபாப் நாட்கள் குறைந்தன. விரிந்த நுரையீரலைத் தினமும் சில மணி நேரம் சுருங்க விடுவது பயிற்சி ஆகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தகுதி வந்த பிறகும் இரண்டு வாரம் கூடுதலாகச் சிபாப்பில் வைத்த குழந்தைகளின் நுரையீரல் கொள்ளளவு கூடியது என்று 2020-இல் வந்த அமெரிக்கச் சோதனை ஒன்று காட்டியது. ஆகவே சந்தேகம் வந்தால் சிபாப் பக்கம் சாய்வதே எங்கள் வழக்கம்.

எடுத்ததும் மூச்சு நிற்கிறதா? சிபாப்பைக் குறை சொல்லும் முன் காஃபின் தாளைப் பாருங்கள். காஃபின் சிட்ரேட் கிலோவுக்கு முதலில் 20 மி.கி., பிறகு நாளுக்கு 5 முதல் 10 மி.கி. 900 கிராமில் எழுதிய அளவே 1,450 கிராமிலும் ஓடிக்கொண்டிருந்தால், குழந்தை வளர்ந்திருக்கிறது, மருந்து வளரவில்லை. 2006-இல் வந்த காஃபின் சோதனையில் 36 வாரத்தில் ஆக்சிஜனில் இருந்தவர்கள் 47%-லிருந்து 36%-ஆகக் குறைந்தார்கள். பி.பி.டி.க்கு எதிராக நம் கையில் இருக்கும் மருந்துகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு செய்வது அரிது.

ஹை ஃப்ளோ: மூக்குக்கு நல்லது, அழுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை

சூடாக்கி ஈரமூட்டிய வாயு, நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் 8 வரை. மூக்குத் துவாரத்தின் பாதியைத்தான் ப்ராங்ஸ் அடைக்க வேண்டும். சிபாப்பில் கசிவு எதிரி; இங்கே கசிவுதான் பாதுகாப்பு. சிபாப் ப்ராங்ஸைப் பழக்க தோஷத்தில் ஹை ஃப்ளோவில் இறுக்கிப் போட்டால் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று யாருக்கும் தெரியாது. அளக்கும் இடமே இல்லை.

மூக்குப் புண் குறைவு. தாய் மார்போடு அணைத்துக் கங்காரு பராமரிப்பு தர வசதி. பால் குடிக்கப் பழக்கவும் பலர் விரும்புவார்கள். ஆனால் சம அளவு துணை என்று எண்ண வேண்டாம். 2016-இல் 28 வாரமும் அதற்கு மேலும் பிறந்த 564 குழந்தைகளிடம் நடந்த ஹிப்ஸ்டர் சோதனையில், பிறந்ததும் ஹை ஃப்ளோவில் தொடங்கியவர்களில் 25.5% பேருக்கு அது போதவில்லை, சிபாப்பில் 13.3%. தோற்றவர்களைச் சிபாப்புக்கு மாற்ற முடிந்ததால் ட்யூப் போட்ட எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு வரவில்லை. இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம்: பக்கத்தில் தயாராகச் சிபாப் இல்லாத வார்டில் ஹை ஃப்ளோவை முதல் துணையாக வைக்கக் கூடாது. ட்யூப் எடுத்த பின் தரும் துணையாக 2013-இல் 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் ஒப்பிட்டபோது மொத்தத்தில் சிபாப்புக்கு ஈடாக நின்றது; ஆனால் 26 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் ஹை ஃப்ளோ 81% தோற்றது, சிபாப் 61%. மிகச் சிறிய குழந்தைக்கு ட்யூப் எடுத்தவுடன் ஹை ஃப்ளோ வேண்டாம்.

சிபாப் 5-லிருந்து மாற்றும்போது 6 லிட்டரில் தொடங்குங்கள். 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 0.5 அல்லது 1 லிட்டர் குறையுங்கள். ஃப்ளோவையும் ஆக்சிஜனையும் ஒரே நாளில் குறைக்காதீர்கள். ஹை ஃப்ளோ தோற்பது ஓசையில்லாமல்: முதல் நாள் 24%, மறுநாள் 27, மூன்றாம் நாள் 30; மூச்சு 58-லிருந்து 70; பால் முடிக்க நேரம் கூடுகிறது; எடை அப்படியே நிற்கிறது. அபாய மணி ஒன்றும் அடிக்காது. அதனால்தான் 72 மணி நேரத் தாள். ஹியூமிடிஃபயரின் தண்ணீர்ப் பை காலியாவது இன்னொரு சத்தமில்லாத கோளாறு. 6 லிட்டர் வறண்ட வாயு சில மணி நேரத்திலேயே மூக்கை ரத்தம் கசியவைக்கும்.

தொடக்கத்தில் சொன்ன 34 வாரக் குழந்தைக்கு வருவோம். தாளைப் புரட்டினால், போன வாரம் 23%, இந்த வாரம் 26. எடை ஐந்து நாளாக நாளுக்கு 12 கிராம், அதாவது கிலோவுக்கு 8-ஐச் சற்றே தாண்டுகிறது. இந்தக் குழந்தைக்கு ஹை ஃப்ளோ இன்று வேண்டாம். அழுத்தத்தை 6-க்கு ஏற்றி, பாலின் சத்தையும் ரத்த அளவையும் பார்த்து, ஒரு வாரம் விடுங்கள். "பின்னுக்குப் போகிறோமே" என்று தாய் கேட்பார். நியாயமான கவலை, எடைக் கோட்டை அவரிடமே காட்டி விளக்கினால் புரிந்துகொள்வார்.

மூக்கு வழி வென்டிலேஷன்

சிபாப்பின் மேல் இடையிடையே அழுத்த மூச்சு தருவது. அடி அழுத்தம் 5 முதல் 6, மேல் அழுத்தம் 16 முதல் 20, நிமிடத்துக்கு 30 முதல் 40. ட்யூப் எடுத்த பின் மறுபடி போட நேர்வதைச் சிபாப்பைவிட இது குறைக்கிறது. வென்டிலேட்டரிலிருந்து தந்து, குழந்தையின் மூச்சோடு ஒத்திசைத்தால் இன்னும் நன்று. பி.பி.டி.யைக் குறைக்கிறதா என்றால், 2013-இல் வந்த பெரிய சோதனையில் இறப்பும் பி.பி.டி.யும் சேர்ந்த கணக்கு 38.4%, வழக்கமான சிபாப்பில் 36.7%, அதாவது வேறுபாடில்லை. சிபாப் 7 அல்லது 8-லும் மூச்சு நின்று நின்று போகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது என்ற கட்டத்தில் எடுங்கள். வயிறு உப்பும், திறந்த ஃபீடிங் ட்யூபை மறக்காதீர்கள்.

வென்டிலேட்டர்: இரண்டு நுரையீரல், இரண்டு கணக்கு

முதல் வாரத்தில் நுரையீரல் விறைப்பானது, எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. சின்ன மூச்சு, வேகமான மூச்சு: கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி., நிமிடத்துக்கு 40 முதல் 60, உள்மூச்சு நேரம் 0.3 முதல் 0.4 விநாடி, அடி அழுத்தம் 5 முதல் 6. அழுத்தத்தை நிர்ணயிப்பதைவிட மூச்சின் கொள்ளளவை நிர்ணயிக்கும் முறைக்கு நல்ல சான்று உண்டு, இறப்பும் பி.பி.டி.யும், நுரையீரல் கிழிந்து காற்று வெளியேறுவதும் குறைகின்றன. ஆனால் ட்யூபைச் சுற்றிக் கசிவு 50%-ஐத் தாண்டினால் கருவி அளக்கும் கொள்ளளவை நம்பக் கூடாது.

இரண்டு மூன்று மாதம் கழித்தும் ட்யூபில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரல் திட்டுத் திட்டானது. ஒரு பகுதி சுருங்கியிருக்கும், ஒரு பகுதி ஊதிப்போயிருக்கும். காற்றுப்பாதைத் தடை பெரிது. உள்ளே போன காற்று வெளியே வர நேரம் எடுக்கும். ஒரு கணக்கு போட்டால் தெளியும். தடையையும் விரியும் தன்மையையும் பெருக்கினால் நுரையீரலின் கால அளவு கிடைக்கும். தடை 200, விரியும் தன்மை 0.002 லிட்டர் என்று வைத்தால் 0.4 விநாடி. காற்று ஏறத்தாழ முழுதாக வெளியேற அதைப்போல் மூன்று மடங்காவது வேண்டும்: 1.2 விநாடி. முதல் வாரப் பழக்கத்தில் நிமிடத்துக்கு 50, உள்மூச்சு 0.4 என்று வைத்தால் வெளிமூச்சுக்குக் கிடைப்பது 0.8 விநாடிதான். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். நெஞ்சு உப்பும், கார்பன் டை ஆக்சைடு ஏறும். பார்ப்பவர் எண்ணிக்கையை 60-க்குக் கூட்டுவார். இன்னும் மாட்டும்.

இந்தக் குழந்தைக்கு வேண்டியது நேர்மாறு: நிமிடத்துக்கு 15 முதல் 20, உள்மூச்சு 0.6 விநாடி அல்லது மேல், கொள்ளளவு கிலோவுக்கு 8-இலிருந்து 12 மி.லி. வரை, அடி அழுத்தம் 6 முதல் 8. 20 வைத்தால் வெளிமூச்சுக்கு 2.4 விநாடி கிடைக்கிறது. வென்டிலேட்டர் திரையில் ஃப்ளோ கோட்டைப் பாருங்கள்: வெளிமூச்சுக் கோடு பூஜ்யத்தைத் தொட்ட பிறகே அடுத்த மூச்சு தொடங்க வேண்டும். தொடாமல் தொடங்கினால் காற்று மாட்டுகிறது. கார்பன் டை ஆக்சைடு 55 முதல் 65 இருந்தாலும் பி.எச். 7.25-க்கு மேல் நின்றால் துரத்த வேண்டாம்.

திடீரென்று அழுது, விறைத்து, நீலமாகும் நெருக்கடி பி.பி.டி. குழந்தைக்குப் பழகிய ஒன்று. ட்யூப் நழுவவில்லை, அடைக்கவில்லை, காற்றுக் கசிவு இல்லை என்று உறுதியானால் மூச்சுக்குழாய் மடங்குகிறதா என்று யோசியுங்கள். அதற்கு அடி அழுத்தத்தை 10-க்கு மேலும் ஏற்ற வேண்டி வரலாம். எண்ணிக்கையை ஏற்றினால் கெடும். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்கு 36 வாரத்தில் எக்கோ எடுத்துவிடுங்கள். அந்த அழுத்தம் கூடியிருந்தால் சாச்சுரேஷன் 92-க்குக் கீழே போக விடக் கூடாது.

ட்யூபை எடுக்கவே முடியாத குழந்தைக்கு முதல் வாரம் கடந்த பின் குறைந்த அளவு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உதவும்: 10 நாளில் மொத்தம் கிலோவுக்கு 0.89 மி.கி., படிப்படியாக இறங்கும் திட்டம். முதல் வாரத்தில் வேண்டாம். மூளைவாத அபாயம் இருக்கிறது. எடுத்தால் சிபாப் 7 அல்லது 8-லோ மூக்கு வழி வென்டிலேஷனிலோ இறக்குங்கள். 5-இல் இறக்கிவிட்டு 'தாங்கவில்லை' என்று எழுதுவது குழந்தையின் தோல்வி அல்ல.

குறைந்த ஃப்ளோ குழாய்: கால் லிட்டரில் எவ்வளவு ஆக்சிஜன்?

'0.25 லிட்டர்தான் போகிறது, வெறும் துளி' என்பார்கள். 1.5 கிலோ குழந்தையின் ஒரு மூச்சு, கிலோவுக்கு 5 வீதம் 7.5 மி.லி. உள்மூச்சு 0.3 விநாடி. நிமிடத்துக்கு 0.25 லிட்டர் என்றால் விநாடிக்கு 4.2 மி.லி.; 0.3 விநாடியில் 1.25 மி.லி. தூய ஆக்சிஜன் மூக்குக்குள் போகிறது. 7.5-இல் 1.25 என்பது ஆறில் ஒரு பங்கு. மீதி அறைக் காற்று. கணக்கிட்டால் 34%. அதே 0.25 லிட்டர் 3 கிலோ குழந்தைக்கு 28% கூட வராது. ஆகவே எடையோடு சேர்த்தே ஃப்ளோவைப் பேச வேண்டும். வாரக்கணக்கில் 0.25-லேயே நிற்கும் குழந்தை வளர்ந்துகொண்டிருந்தால், அதன் ஆக்சிஜன் தானாகவே குறைந்துகொண்டு வருகிறது.

நிறுத்திப் பார்க்க: தூக்கத்தில், பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, 0.1 லிட்டராகக் குறைத்து வந்து, பின் 30 நிமிடம் வெறும் காற்று. 90-க்குக் கீழே 5 நிமிடம் தொடர்ந்தாலோ 80-க்குக் கீழே 15 விநாடி நின்றாலோ தோல்வி. ஒரு வாரம் விட்டு மறுபடி. விழித்திரைப் பரிசோதனைத் தேதியையும் இதே தாளில் எழுதுங்கள். இந்திய வழிகாட்டுதல்படி 34 வாரத்துக்கு முன் அல்லது 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த எல்லோருக்கும் 4 வாரத்துக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் குறைவு என்றால் 2 முதல் 3 வாரத்திலேயே.

ஆக்சிஜனோடு வீட்டுக்கு

வீட்டில் சாச்சுரேஷன் தூக்கத்திலும் 93-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கான்சன்ட்ரேட்டர் வாங்கும்போது அதிலுள்ள ஃப்ளோ மீட்டரைப் பாருங்கள்; பெரியவர்களுக்கானது பெரும்பாலும் அரை லிட்டருக்குக் கீழே காட்டாது. 0.1 லிட்டர் படிகளில் காட்டும் மீட்டரைத் தனியாக இணைக்க வேண்டும். மின்வெட்டுக்கு ஒரு பி டைப் சிலிண்டர்: 1,500 லிட்டர், 0.25-இல் 100 மணி நேரம். ஐந்தில் ஒரு பங்கை இருப்பாக விட்டுக் கணக்கிட்டால் மூன்று நாள். முழுச் சிலிண்டரின் முள் எங்கே நிற்கும், மாற்ற வேண்டிய கோடு எது என்று தாய்க்கும் பாட்டிக்கும் கையால் காட்டிக் கொடுங்கள். காகிதத்தில் எழுதித் தந்தால் போதாது.

குளிப்பாட்டிய பின் சாம்பிராணி காட்டும் வழக்கத்தை இந்தக் குழந்தைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். புகை ஒரு காரணம், ஆக்சிஜன் பக்கத்தில் கனல் இன்னொரு காரணம். ஊதுபத்தி, விளக்கு, கொசுவர்த்தி, அடுப்பு எதுவும் அந்த அறையில் வேண்டாம். வால்வைத் திறக்கும் கையில் எண்ணெய் இருக்கக் கூடாது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு சிலிண்டரைத் தொடுவது நம் வீடுகளில் எளிதில் நடந்துவிடும். மூக்கோரம் வறண்டால் வாஸ்லின் தடவாமல் சலைன் சொட்டு விடுங்கள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, மூச்சு 70-ஐத் தாண்டுவது, ஒரே வாரத்தில் ஃப்ளோவைக் கூட்டத் தோன்றுவது, எடை ஏறாதது: இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் கூட்டி வரச் சொல்லுங்கள்.